சுத்தியலுக்கு முன் வெந்நீர்

பண்ணைப்புரம், கோம்பை, தேவாரம் பக்கம் தோட்டத்துக்குப் போகிற வண்டி என்றால் பெரும்பாலும் எக்ஸ்எல்தான். 1980-இல் வந்த டிவிஎஸ் 50-இன் வாரிசு. புல்லுக்கட்டு, பால் கேன், உர மூட்டை என அது சுமக்கும் பாரமெல்லாம் சக்கரத்து நடுவிலுள்ள சின்ன பேரிங்குகள் மேல்தான் இறங்குகிறது. ஓடும்போது உறுமல் கேட்டாலோ, ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரிந்தாலோ பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். வீட்டிலேயே மாற்றலாம். புதுசைச் சுத்தியலால் அடித்து இறக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும்.

6301 என்று பொறித்த பேரிங்கின் வெளிவிட்டம் 37 மில்லிமீட்டர். அது உட்காரும் ஹப்பின் குழி அதைவிடத் துளி சிறியது. பேரிங்கின் உள்வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகத்தான் வெளிவளையத்துக்குப் போகும். குண்டு ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழும். புதுசு போட்ட கொஞ்ச நாளிலேயே இரைச்சல் திரும்புவதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

சூடேறும்போது ஹப்பின் அலுமினியம், பேரிங்கின் இரும்பைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். புது பேரிங்கை பாலிதீன் பையில் சுற்றி இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். பழசைக் கழற்றிக் குழியைத் துடைத்தபின் ஹப்பின் மேல் கொதிநீர் ஊற்றி, ஈரத்தை ஒற்றி எடுங்கள். ஹப் 50 டிகிரி சூடேறினால் குழி சுமார் 0.04 மில்லிமீட்டர் விரியும். ஃப்ரீசரில் பேரிங் 0.02 சுருங்கும். ஒரு தலைமுடிப் பருமன் இடம் கிடைக்கிறது. அது போதும். நேராக வைத்து அழுத்தினால் பெரும்பாலும் இறங்கிவிடும். மிச்சத்தைத் தட்ட வேண்டியிருந்தால், வெளிவளையத்தில் மட்டும் படும் அளவுள்ள சாக்கெட்டை வைத்துத் தட்டுங்கள். நெருப்பு காட்டவே வேண்டாம். கிரீஸும் ரப்பர் சீலும் கெட்டுப்போகும்.

முதல் பேரிங் குழியின் அடிவரை உட்கார வேண்டும். அடுத்து நடுவிலுள்ள ஸ்பேசர் குழாய். பலர் மறப்பது இதைத்தான். இது இல்லாமல் ஆக்சில் நட்டை முறுக்கினால் இரண்டு உள்வளையங்களும் ஒன்றையொன்று நோக்கி நெருக்கப்பட்டு, புது பேரிங் அன்றே பாழாகத் தொடங்கும். இரண்டாவது பேரிங்கை ஸ்பேசரைத் தொடும்வரை இறக்கினால் போதும், அதற்குமேல் அடிக்காதீர்கள்.

சூடாக்காமலே பேரிங் கையால் அழுத்தியதுமே உள்ளே போய்விட்டால் குழி தேய்ந்துவிட்டது என்று பொருள். பஞ்ச் கருவியால் குழிச் சுவரில் புள்ளி குத்தி ஒப்பேற்றாமல் ஹப்பையே மாற்றுங்கள். காரின் முன்சக்கர பேரிங் வேறு கதை. அதற்கு டன் கணக்கில் அழுத்தம் தேவைப்படும். ஹைட்ராலிக் பிரஸ் உள்ள பட்டறைக்கே கொண்டுபோங்கள்.