2 வாரம் தண்ணியில மூழ்கினாலும் பிழைக்கும் நெல்! ரகசியம் என்ன?

தஞ்சாவூர்:
வடகிழக்கு பருவமழை வந்தாலே டெல்டா விவசாயிகளுக்கு வயித்துல புளியை கரைக்கும். நட்ட சம்பா பயிர் ஒரு வாரம், பத்து நாள் மூழ்கி கிடந்தால் அழுகிடும். கடன் வாங்கி போட்ட பணம் அவ்வளவுதான்.

பயிர் ஏன் சாகுது? மூழ்கியதும் வெளியே தலைநீட்ட அவசரமாக வளருது. சேர்த்து வைத்த சத்தெல்லாம் அதிலேயே தீர்ந்து, தண்ணீர் வடிந்ததும் சாய்ந்து விடுது.

ஒடிசாவின் பழைய ரகம் 'எப்.ஆர்.13ஏ' அப்படி இல்லை. மூழ்கினால் வளராமல் அப்படியே காத்திருக்கும். தண்ணீர் வடிந்தால் துளிர்க்கும். ஆனால் மகசூல் குறைவு.

இந்த குணத்தை தரும் 'சப்1' மரபணுவை அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகமும், பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் கண்டறிந்து 2006-ல் வெளியிட்டன.

டெல்டா விவசாயிகளுக்கு பழக்கமான சி.ஆர்.1009 நெல்லில் கோவை வேளாண் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அதை சேர்த்தனர். அதுதான் 'சி.ஆர்.1009 சப்1'.

இது மரபணு மாற்றுப் பயிரா? இல்லவே இல்லை. மகரந்தம் சேர்த்து உருவாக்கிய ஒட்டு செடியை, மறுபடி மறுபடி சி.ஆர்.1009 உடனேயே சேர்த்தார்கள். ஒவ்வொரு முறையும் இலையை சோதித்து, அந்த மரபணு உள்ள செடியை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் சுமார் 2 வாரம்தான் கணக்கு. அதற்கு மேல் மூழ்கினாலோ, கதிர் வரும் நேரத்தில் வெள்ளம் வந்தாலோ இந்த நெல்லும் தாங்காது. விதை மாறினாலும் வடிகால் வாய்க்காலை தூர்வாருவது கட்டாயம் என்பது குறிப்பிடத்தக்கது.