மூளை உறைக் கட்டி: நான்காவது பிளவும் 34 மரபணுக்களும்

மூளையைப் போர்த்தியிருக்கும் உறைகளில் முளைக்கும் கட்டிக்கு மெனிஞ்சியோமா என்று பெயர். 1922இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் வைத்த பெயர் அது. மண்டையோட்டுக்குள்ளேயே தோன்றும் கட்டிகளில் இதுவே அதிகம். பெரும்பாலானவை மெதுவாக வளர்பவை. அறுத்து எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்துவிடும். சில மட்டும் திரும்ப வளரும்.

எவை அந்தச் சில?

அறுவைக் கூடத்திலிருந்து வரும் திசுவை மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக வெட்டி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். செல்கள் வெங்காயத் தோல் போல ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு கிடக்கும். அவற்றுக்கு நடுவே, இரண்டாகப் பிளந்துகொண்டிருக்கும் செல்களை நோய்க்குறியியல் மருத்துவர் எண்ணுவார். கட்டி எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்லும் தரத்தை முடிவுசெய்ய அந்த எண்ணிக்கை உதவும்: உயர் உருப்பெருக்கத்தில் 10 பார்வைப் புலங்களில் 4 பிளவுகள் இருந்தால் தரம் 2. எண்ணிக்கை 20ஐத் தொட்டால் தரம் 3. மூன்றே பிளவுகள், வேறு கெட்ட அறிகுறி எதுவும் இல்லை என்றால் தரம் 1. ஒரேயொரு செல் தரத்தை மாற்றிவிடும். தரம் 1 எனக் குறித்த கட்டி திரும்பி வருவதும், தரம் 2 அடங்கிக் கிடப்பதும் உண்டு.

அதனால்தான் ஆய்வாளர்கள் செல்லுக்குள்ளேயே பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு மரபணு வேலை செய்யும்போது ஆர்.என்.ஏ. பிரதிகள் உருவாகின்றன. அவற்றை எண்ணினால் எந்த மரபணு எவ்வளவு மும்முரமாக இயங்குகிறது என்பது தெரிந்துவிடும். இதுவே மரபணு வெளிப்பாடு. தரம் கூடக்கூட, செல் பிளவை முடுக்கும் எஃப்.ஓ.எக்ஸ்.எம்.1 போன்ற மரபணுக்களின் வெளிப்பாடு ஏறுகிறது. புரோஜெஸ்டிரோன் ஏற்பியின் வெளிப்பாடு இறங்குகிறது. செல் பிளவுக்குத் தடை போடும் சி.டி.கே.என்.2.ஏ. மரபணுவின் இரு பிரதிகளும் அழிந்துபோயிருந்தால், நுண்ணோக்கி என்ன காட்டினாலும் அது தரம் 3 என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாடு சொல்கிறது.

2023இல் நேச்சர் மெடிசின் இதழில் வெளியான ஆய்வு, 12 மருத்துவ நிலையங்களின் 1,856 கட்டிகளைச் சோதித்தது. 34 மரபணுக்களின் வெளிப்பாட்டை அளந்து கட்டிக்கு ஒரு மதிப்பெண் தந்தது. கட்டி திரும்புமா, கதிர்வீச்சு பலன் தருமா என்பதை வழக்கமான தரப்படுத்தலைவிட அது நன்றாகக் கணித்தது. ஏறக்குறைய 30 சதவீத நோயாளிகளுக்கு, அறுவைக்குப் பிந்தைய சிகிச்சையை இன்னும் பொருத்தமாகத் தீர்மானிக்க அது உதவக்கூடும்: தேவையற்றவருக்குக் கதிர்வீச்சைத் தவிர்க்கலாம், தேவைப்படுபவருக்குத் தாமதமின்றித் தரலாம்.

சோதனைக்கு, முதல் அறுவையில் எடுத்து மெழுகில் பதித்து வைத்த அதே துணுக்கு போதும். இதற்காக மண்டையை மறுபடி திறக்க வேண்டியதில்லை.