இல்லத்திற்கு ஒரு சிறிய, ஓசையற்ற மீடியா சர்வர்

என் தந்தையாரின் மணிவிழா வீடியோ ஒரே ஒரு வெளிப்புற வன்தட்டில் மட்டுமே இருந்தது. சென்ற கோடையில் ஒருநாள் அதனைக் கணினியில் இணைத்தபோது, ‘டிக், டிக்’ என்று ஒலித்ததே தவிரத் திறக்கவில்லை. பதிவுகளை மீட்டுத் தருவதற்குக் கேட்கப்பட்ட தொகை அவ்வன்தட்டின் விலையைப் போல் பல மடங்கு. பாதிதான் மீண்டது. தந்தையார் உறவினர்களுக்கு நன்றி கூறிப் பேசிய பகுதி மீளாத பாதியில் இருந்தது. இன்று அவர் இல்லை. வீட்டில் ஒரு மீடியா சர்வர் அமைக்க வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னரே எனக்கு எழுந்தது.

பெயர் பெரிதாக இருப்பினும் பொருள் எளியதே. புகைப்படங்கள், திருமண வீடியோக்கள், பாடல்கள் ஆகியவற்றை ஓரிடத்தில் வைத்து, தொலைக்காட்சியோ கைப்பேசியோ எது கேட்டாலும் வீட்டு வைஃபை வழியே வழங்கும் கணினிதான் மீடியா சர்வர். நாள் முழுவதும் இயங்கிக்கொண்டே இருப்பது அதன் தனித்தன்மை. ஆகவே அதனைத் தேர்ந்தெடுக்கும்போது விலைச்சீட்டில் காணப்படாத இரண்டினை முதலில் கருத வேண்டும். ஒன்று மின்சாரம், மற்றொன்று ஓசை.

ஒரு வாட் மின்திறன் ஓராண்டு முழுவதும் இடைவிடாது செலவானால் 8.76 யூனிட் ஆகும். யூனிட்டுக்கு 8 ரூபாய் எனக் கொண்டால் ஏறத்தாழ 70 ரூபாய். இந்த ஒரு கணக்கு போதும். பரணில் கிடக்கும் பழைய மேசைக் கணினியையே சர்வராக்கலாம் என்று பலரும் எண்ணுவர், நானும் எண்ணினேன். அது வேலையின்றி இருக்கும்போதே 70 வாட் எடுத்துக்கொண்டால் ஆண்டுக்கு 613 யூனிட், அதாவது சுமார் 4,900 ரூபாய். 10 வாட்டில் இயங்கும் சிறிய கணினிக்கோ 700 ரூபாய். ஐந்தாண்டுகளில் வேறுபாடு 21,000 ரூபாய். காசு கொடுக்காமல் கிடைத்த பழைய கணினியின் உண்மையான விலை இதுவே. பல மாநிலங்களில் மின்கட்டணம் அடுக்கு முறையில் ஏறுவதால், கூடுதல் யூனிட்டுகள் தங்கள் பயன்பாட்டின் உச்ச அடுக்கு விகிதத்தில் கணக்கிடப்படும் என்பதையும் மறத்தலாகாது.

எனவே டிபன் பெட்டி அளவேயுள்ள மினி கணினிகளைப் பார்ப்பது நலம். இன்டெல் நிறுவனம் 2023-ஆம் ஆண்டு சந்தைக்குக் கொண்டுவந்த என்100 செயலி, 6 வாட் என்னும் குறைந்த வெப்ப அளவுக்கென வடிவமைக்கப்பட்டது. வீட்டுத் தேவைக்கு அது தாராளம். காரணத்தை விளக்குகிறேன். தொலைக்காட்சிக்குப் புரியாத வடிவத்தில் ஒரு வீடியோ இருந்தால், சர்வர் அதனை ஓடும்போதே வேறு வடிவத்திற்கு மாற்றித் தர வேண்டும். இதனை டிரான்ஸ்கோடிங் என்பர். சாதாரணமாகச் செயலி சூடேறி, விசிறி இரையத் தொடங்குவது அந்த வேளையில்தான். என்100-இல் இப்பணிக்கென்றே தனிப் பகுதி இருப்பதால் சுமை தெரிவதில்லை. ராஸ்பெர்ரி பை 5 இன்னும் சிறியது; ஆனால் வீடியோவை இவ்வாறு மாற்றி எழுதும் தனி வன்பொருள் அதில் இல்லை. கோப்புகள் அனைத்தும் தொலைக்காட்சி நேரடியாக ஏற்கும் வடிவில் இருப்போருக்கு மட்டும் அது பொருந்தும்.

ஓசையைப் பொறுத்தவரை, விசிறியைக் காட்டிலும் வன்தட்டே இரவில் உறக்கத்தைக் கெடுக்கும். நாஸ் எனப்படும் பெட்டிகளில் பொருத்தும் 3.5 அங்குல வன்தட்டுகள் சுழலும் அதிர்வு மர அலமாரியில் ஏறி, அலமாரியே ஒலிப்பது போலாகிவிடும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகம் இல்லை, ஓசையும் இல்லை. அதன் விலை கூடுதல் என்று தயங்குவோர் முதலில் தம்மிடம் உள்ளவற்றை அளந்து பார்க்க வேண்டும். ஒரு மணி நேர மினி டி.வி. கேசட் கணினியில் ஏற்றினால் சுமார் 13 ஜிபி. முப்பது கேசட்டுகள் இருந்தாலும் 390 ஜிபிதான். புகைப்படங்களையும் பாடல்களையும் சேர்த்தாலும் பல குடும்பங்களுக்கு 2 டிபி போதும். 1 டிபி என வாங்கியது கணினியில் 931 ஜிபி என்று காட்டினால் கடைக்காரரைக் குறை கூற வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கிலும் கணினி 1,024-இன் மடங்கிலும் எண்ணுவதால் வரும் வேறுபாடு அது.

விசிறியே இல்லாத பெட்டிகளும் உண்டு. நான் பணிபுரியும் நாக்பூரில் மே மாத வெப்பம் 45 டிகிரியைத் தொடுவது வழக்கம் என்பதால் எனக்குத் துணிவு வரவில்லை. மெதுவாகச் சுழலும் விசிறி உள்ளதையே வாங்கினேன். எதுவாயினும் கதவு மூடிய டி.வி. அலமாரிக்குள் வைக்கலாகாது. ரவுட்டருக்கு அருகில், காற்றோட்டமான இடத்தில் வைத்து, லேன் கேபிள் மூலம் இணைப்பதே சிறந்தது. மின்தடை நேரும் ஊர்களில் சிறு யு.பி.எஸ். தேவை. மின்சாரம் திரும்பியதும் தானே இயங்கும் வசதி பயாஸ் அமைப்பில் உள்ளதா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

மென்பொருளில் ஜெல்லிஃபின் முற்றிலும் இலவசம். பிளெக்ஸ் பயன்படுத்த எளிது. எனினும் அதில் சில வசதிகளுக்குச் சந்தா உண்டு. எதை நிறுவினாலும் வெளியூரிலிருந்து பார்க்கும் ஆசையில் ரவுட்டரின் வாயில்களைத் திறந்து வைக்க வேண்டாம். இணைய வங்கிச் சேவைக்கு அக்கணினியைப் பயன்படுத்தவும் வேண்டாம்.

இனி, நான் தொகை கொடுத்துக் கற்ற பாடம். இரண்டு வட்டுகளை ஒன்றின் நகலாக மற்றொன்று இயங்குமாறு அமைப்பதைப் பாதுகாப்பு என்று பலர் நம்புகின்றனர். ஒரு வட்டு பழுதானால் மற்றது உதவும் என்பது உண்மையே. ஆனால் பிள்ளைகள் தவறுதலாக ஒரு கோப்பினை அழித்தால் அது இரண்டிலும் அந்நொடியே அழியும். உயர் மின்னழுத்தமோ திருட்டோ இரண்டையும் ஒருங்கே கொண்டுபோகும். தனியே கழற்றி, வேறிடத்தில் வைக்கும் பிரதியே பிரதி. விலை குறைந்த 2.5 அங்குல வன்தட்டுகள் இரண்டு இதற்குப் போதும். பெட்டியின் வசதிகளில் ஒன்றிரண்டைக் குறைத்தேனும் இவற்றை வாங்க வேண்டும் என்பதே என் கருத்து.

தவணையில் வாங்குவோருக்கு ஒரு சொல். கடன் அட்டையில் ‘வட்டியில்லாத் தவணை’ என்று அறிவிக்கப்படுவதில் வட்டி மறைந்துவிடுவதில்லை, தள்ளுபடியாக ஈடுசெய்யப்படுகிறது. அவ்வட்டியின் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வாடிக்கையாளரையே சேரும். பரிசீலனைக் கட்டணமும் இருக்கலாம். மொத்தமாகச் செலுத்தினால் என்ன விலை என்று கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கவும்.

என் இரு வன்தட்டுகளில் ஒன்று வீட்டு அலமாரியில் உள்ளது. மாதம் ஒருமுறை இணைத்துப் பிரதி எடுத்தபின் கழற்றிவிடுகிறேன். மற்றொன்று புணேயில் என் தங்கை வீட்டில் உள்ளது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை சந்திக்கும்போது அதனைப் புதுப்பித்துக்கொள்கிறோம். மணிவிழா வீடியோவில் மீண்ட பாதி இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது.