முதியோர் இல்லத்தில் சேர்க்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள்



குழுக்கூட்டத்தில் சேமிப்பு, கடன், தவணை என்று எல்லாம் பேசுகிறோம். வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைப் பற்றியோ, தனியாக இருக்கும் அம்மாவைப் பற்றியோ பேசுவது குறைவு. கல்லங்குறிச்சி, அரியலூர் பக்கம் பல வீடுகளில் பிள்ளைகள் திருப்பூர், சென்னை, வெளிநாடு என்று பிழைக்கப் போய்விட்டார்கள். ஊரில் இருக்கும் மருமகளும் மகளும் கூலி வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். பகலெல்லாம் பெரியவங்களைப் பார்த்துக்க ஆள் இல்லை. அப்போதுதான் "ஏதாவது ஒரு ஹோம்ல சேர்த்துடலாமா?" என்ற பேச்சு வருகிறது.

சேர்ப்பது சரியா தப்பா என்று இங்கே நாம் பேசப் போவதில்லை. அது அவரவர் வீட்டு நிலைமை. ஆனால் சேர்ப்பது என்று முடிவு செய்தால், அந்த இடம் நல்ல இடமா, அங்கே உயிருக்குப் பாதுகாப்பு உண்டா என்று தெரிந்துகொள்வது நம் பொறுப்பு.

விழுப்புரத்தில் நடந்தது என்ன?

விழுப்புரம் மாவட்டம் விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூரில் 'அன்பு ஜோதி ஆசிரமம்' என்று ஓர் இல்லம் இருந்தது. ஆதரவற்றவர்கள், மனநலம் பாதிக்கப்பட்டவர்கள், முதியவர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். 2021-ஆம் ஆண்டு இறுதியில் அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரை, சில மாதம் கழித்து உறவினர் பார்க்கப் போனார். ஆள் இல்லை. பெங்களூருக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். அங்கேயும் அவர் இல்லை. விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது.

2023 பிப்ரவரியில் அதிகாரிகள் உள்ளே போய்ப் பார்த்தபோது, உரிய அனுமதி இல்லாமல் இல்லம் நடந்தது தெரியவந்தது. 140-க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். அடித்தார்கள், கட்டி வைத்தார்கள், பெண்களிடம் தவறாக நடந்தார்கள் என்று புகார்கள் வந்தன. நடத்தியவர்கள் கைது செய்யப்பட்டார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றப்பட்டது.

கவனியுங்கள் சகோதரிகளே, ஒரு உறவினர் தேடிப் போனதால்தான் இது வெளியே வந்தது. தேடி வர ஆள் இல்லாதவர்களின் கதி என்ன ஆகியிருக்கும்?

ஏர்வாடி சொல்லும் பாடம்

இதற்கு முன்பே, 2001 ஆகஸ்ட் 6 அன்று, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் விடியற்காலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றமே இதைத் தானாக விசாரணைக்கு எடுத்தது. மனநலம் பாதிக்கப்பட்டவரை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

"பாட்டி எந்திரிச்சு எந்திரிச்சுப் போறாங்க, அதான் கட்டி வச்சோம்" என்று யாராவது சொன்னால், அது பராமரிப்பு அல்ல. பார்த்துக்கொள்ள ஆள் போதவில்லை என்றுதான் அர்த்தம்.

சேர்க்கும் முன் கேளுங்கள்

1. பதிவு இருக்கிறதா? சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள சமூக நல அலுவலரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மனநலம் பாதிக்கப்பட்டவர்களை வைத்திருந்தால் அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

2. இரவில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள்? பகலில் பத்துப் பேர் இருந்து என்ன பயன்? கீழே விழுவது, மூச்சு முட்டுவது எல்லாம் இரவிலும் நடக்கும். பெண்களைப் பார்த்துக்கொள்ள பெண் பணியாளர் இருக்க வேண்டும்.

3. டாக்டர், நர்ஸ் எப்போது வருகிறார்கள்? அவசரம் என்றால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள்? நமக்கு உடனே போன் செய்வார்களா?

4. மாத்திரை கொடுப்பதை நோட்டில் எழுதுகிறார்களா? சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை ஒரு வேளை தப்பினாலும், இரண்டு முறை கொடுத்தாலும் ஆபத்துதான்.

5. தீப்பிடித்தால் வெளியே வர இரண்டு வழி உண்டா? தீயணைப்புக் கருவி உண்டா? இரவில் அறையை வெளிப்பக்கம் பூட்டுகிறார்களா? பூட்டுகிறார்கள் என்றால் அங்கே சேர்க்காதீர்கள்.

6. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? தரை வழுக்குமா? இரவு விளக்கு எரியுமா? வயதானவர்கள் அங்கே எளிதில் வழுக்கி விழுந்துவிடலாம். இடுப்பெலும்பு முறிந்தால் பலர் திரும்ப எழுந்து நடப்பதில்லை.

7. எந்த நேரமும் வந்து பார்க்கலாமா? "ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், ஆபீஸ் ரூம்லதான் பார்க்கணும்" என்றால் யோசியுங்கள்.

8. எதில் கையெழுத்து வாங்குகிறார்கள்? படித்துப் பார்க்காமல் போடாதீர்கள். பெரியவங்க கைரேகையை வெற்றுத் தாளில் வைக்க விடாதீர்கள். கட்டும் பணத்துக்கு ரசீது வாங்குங்கள்.

கட்டடத்தைப் பார்க்காதீர்கள், உடம்பைப் பாருங்கள்

டைல்ஸ் தரையும் வாசலில் பூச்செடியும் இருந்தால் நல்ல இல்லம் என்று நினைத்துவிடுகிறோம். பராமரிப்பு எப்படி என்று அங்கே இருப்பவர்களின் உடம்பே சொல்லிவிடும்.

படுத்தே கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே இடத்தில் எடை அழுத்தி, ரத்த ஓட்டம் நின்று, தோல் செத்துப்போகும். முதலில் சிவந்து காணும். பிறகு புண்ணாகி, குழி விழுந்து, எலும்பு வரை போகும். இதுதான் படுக்கைப் புண். இடுப்பு, முதுகுத்தண்டின் அடிப்பகுதி, குதிகால், தோள்பட்டை இந்த நான்கு இடங்களையும் போகும்போதெல்லாம் பாருங்கள்.

நாக்கும் உதடும் காய்ந்திருந்தால் தண்ணீர் சரியாகக் கொடுக்கவில்லை. போன மாதம் பொருந்திய ரவிக்கை இந்த மாதம் தொளதொள என்றிருந்தால் சாப்பாடு உள்ளே போகவில்லை. மணிக்கட்டில் தடம் இருந்தால் கட்டியிருக்கிறார்கள். எப்போது போனாலும் மயக்கத்திலேயே இருந்தால் தூக்க மாத்திரை கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். பணியாளர் பக்கத்தில் வந்ததும் பெரியவங்க பேச்சை நிறுத்தினால் அதையும் கவனியுங்கள்.

சேர்த்த பிறகு

"மாசம் பணம் கட்டிடறோம், இனி அவங்க பாத்துக்குவாங்க" என்று இருந்துவிடக்கூடாது. சொல்லாமல் போங்கள். ஒரு தடவை காலையில், ஒரு தடவை இருட்டிய பிறகு, ஒரு தடவை சாப்பாட்டு நேரத்தில். தேடி வர ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் கவனிப்பும் கூடும். 60 வயது ஆனவரைக் கைவிடும் எண்ணத்தோடு எங்காவது விட்டுவிட்டுப் போனால், 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

எங்கே புகார் செய்வது?

முதியோர் உதவி எண் 14567. பெண்களுக்கு 181. உயிருக்கு ஆபத்து என்றால் 108. எழுத்தில் கொடுக்க மாவட்ட ஆட்சியர், சமூக நல அலுவலர், காவல் நிலையம். பிள்ளைகள் பராமரிக்கவில்லை என்றால் பெரியவங்களே கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து ஜீவனாம்சம் கேட்கலாம். நம் மாவட்டத்தில் அரியலூர், உடையார்பாளையம் இரண்டு இடத்திலும் கோட்டாட்சியர் அலுவலகம் உண்டு.

வீட்டிலேயே வைத்துப் பார்ப்பவர்களுக்கு

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடக்க முடியாதவர்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையும், இயன்முறை சிகிச்சையும், படுக்கையில் இருப்பவர்களுக்கான வலி குறைக்கும் சிகிச்சையும் வீட்டுக்கே கொண்டுவர ஏற்பாடு செய்தார்கள். இதற்கான தன்னார்வலர்களைச் சுய உதவிக்குழுப் பெண்களிலிருந்தே எடுத்தார்கள். துணை சுகாதார நிலையத்தில் கிராம செவிலியரிடம் கேளுங்கள். மேலே சொன்ன விதிகள் வீட்டுக்கும் பொருந்தும். திருப்பிப் படுக்க வைப்பது, உட்கார வைத்துச் சாப்பாடு கொடுப்பது, குளியலறைக் கம்பி இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை.

நம் உறுப்பினர்களில் சிலர் இல்லங்களில் ஆயா வேலைக்கும் போகிறார்கள். அங்கே தப்பு நடந்தால் முதலில் கண்ணில் படுவது உங்களுக்குத்தான். வேலை போய்விடும் என்று பயமாக இருந்தால் கூட்டமைப்பில் சொல்லுங்கள். புகாரைக் கூட்டமைப்பே கொடுக்கலாம்.

அடுத்த குழுக்கூட்டத்தில் இதை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். நம் ஊரிலிருந்து யார் யார் எந்த இல்லத்தில் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். பார்க்கப் போக ஆள் இல்லாத பெரியவங்களை மாதம் ஒரு முறை குழுவிலிருந்து இரண்டு பேர் போய்ப் பார்த்து வரலாம். பஸ் செலவு போதும், ஒரு உயிரைக் காப்பாற்றலாம்.