ஊளைக்கு முன்னால் என்ன சத்தம்?

மதுரை செனாய் நகரில் குடியிருப்பவர்களுக்கு ஆம்புலன்ஸ் சத்தம் காக்கை கரைவது மாதிரிதான். பக்கத்திலேயே பெரியாஸ்பத்திரி. ராத்திரி பகல் என்றில்லாமல் 108 வந்துகொண்டே இருக்கும். யாரும் தலை தூக்கிப் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டு டாஷ் (டாக்ஸ்ஹுண்ட் இன நாய்) மட்டும் தூக்கும். சுண்டு என்று பெயர். வாசல்படியில் மூக்கைக் காலுக்குள் புதைத்துக் கிடப்பது மெல்ல எழுந்து உட்காரும். காது இரண்டும் பின்னால் போகும். மோவாயை மேலே நீட்டி, வாயைக் குவித்து, முதலில் மெலிசாக ஓர் இழுப்பு. பிறகு ஏறும். வண்டி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து சத்தம் அடங்கும்வரை இறங்காது. ஒரு சாண் உயர உடம்புக்குள்ளிருந்து அந்தக் குரல் வருவதை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

"என்னாப்பா, வீட்டு நாய் இப்படி அழுகுது? குடும்பத்துக்கு ஆகாதுப்பா. யாருக்காச்சும் குடுத்துரு" என்றார் பக்கத்து வீட்டு அத்தை.

நாய் ஊளையிட்டால் சாவு விழும் என்பது நம் பக்கத்தில் ஊறிப்போன பேச்சு. எமன் வருவது நாய்க்கண்ணுக்குத் தெரியுமாம். நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம், நாயின் ஊளையைக் கேட்டால் ஆபத்து என்பது என்ன நியாயமோ! எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நம் ஊர்களில் சாவு வீட்டில் சங்கு ஊதுவார்கள். சங்கின் ஒலி ஏற்ற இறக்கம் அதிகமில்லாமல் ஒரே இழுப்பாக நீண்டு போகும். நாயை ஊளையிட வைக்க அதைவிடப் பொருத்தமான வாத்தியம் கிடையாது. சங்கு கேட்டுத் தெரு நாய் பதில் சொல்லியிருக்கும். துக்கத்தில் இருந்தவர்களுக்குச் சாவும் ஊளையும் சேர்ந்தே நினைவில் தங்கி, எது முன்னால் எது பின்னால் என்பது மாறிப்போயிருக்கும். இது என் ஊகம்தான். ஆனால் நாய் ஏன் பதில் சொல்கிறது என்பது ஊகம் இல்லை.

குரைப்பு என்பது வெட்டி வெட்டி வருகிற சத்தம். கிட்டத்தில் இருப்பவனை மிரட்டவும் கூப்பிடவும் அது போதும். ஊளை தொலைவுக்கு. தொண்டை நேராக நிற்கத் தலையை அண்ணாந்து, ஒரே சுருதியை விடாமல் பிடிக்கும்போது அந்தக் குரல் மரத்தையும் மேட்டையும் தாண்டிப் போகிறது. ஓநாயின் ஊளை சில கிலோமீட்டர் தூரம் கேட்கும். கூட்டத்தை விட்டுப் பிரிந்ததை அழைக்கவும், 'இது எங்கள் எல்லை' என்று அடுத்த கூட்டத்துக்குச் சொல்லவும் ஓநாய்க்கு இருக்கிற தந்தி அதுதான். ஒன்று தொடங்கினால் மற்றவை சேர்ந்துகொள்ளும். சேரும்போது ஒரே சுருதியில் நிற்காமல் ஆளுக்கொரு சுருதி பிடிக்கும். நாலு ஓநாய் நாற்பது போலக் கேட்பது அதனால்தான்.

ஓநாயிலிருந்து வந்த நாய்க்கும் இந்தப் பழக்கம் மிச்சம் இருக்கிறது. சைரனின் நீண்ட இழுப்பு அதன் காதுக்கு ஏதோ ஒரு கூட்டாளி தூரத்திலிருந்து கூப்பிடுவது போல. நாகசுரத்துக்கும் சில நாய்கள் சேர்ந்து பாடும், தவிலுக்குப் பாடாது. இழுப்பு வேண்டும், அடி போதாது. சைரன் காதை வலிக்கச் செய்வதால்தான் நாய் கத்துகிறது என்று பலர் சொல்வார்கள். நாயின் காது கூர்மையானது என்பது உண்மை. நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுவது அதற்கு ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். ஆனால் வலித்தால் நாய் வாலைக் கவட்டைக்குள் விட்டுக்கொண்டு கட்டிலுக்கடியில் ஓடும். தீபாவளி வெடிக்கு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். சுண்டு ஓடுவதில்லை, வாசலுக்கு வருகிறது.

ஆவணி மூலத் திருவிழாவில் மதுரையில் நரியைப் பரியாக்கிய லீலை நடக்கும். பகலில் குதிரையாக லாயத்தில் நின்றவை ராத்திரி நரியாகி ஊளையிட்டன என்பது கதை. டாஷைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த லாயம்தான் ஞாபகம் வரும். மனிதன் ஓநாயின் காலைக் குட்டையாக்கி, உடம்பை நீட்டி, காதைத் தொங்கவிட்டு என்னவோ ஒன்றாக ஆக்கிவிட்டான். ராத்திரியானால் பழைய குரல் வந்துவிடுகிறது.

எல்லா நாய்க்கும் இது ஒரே அளவில் வருவதில்லை. ஹங்கேரியின் யோட்வோஸ் லோராண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 68 வீட்டு நாய்களுக்கு ஓநாயின் ஊளையைப் போட்டுக் காட்டி, முடிவை 2023-இல் வெளியிட்டார்கள். மரபில் ஓநாய்க்கு நெருக்கமான இனங்கள் ஊளையால் பதில் சொல்ல, பிற்காலத்து இனங்கள் பெரும்பாலும் குரைத்தன. டாஷ் பழைய இனம் இல்லை. அதற்கு இந்தக் குரல் மீது உள்ள பிடிப்புக்கு வேறு காரணம் இருக்கிறது.

ஜெர்மன் மொழியில் 'டாக்ஸ்' என்றால் வளைக்கரடி, 'ஹுண்ட்' என்றால் நாய். மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் அந்தப் பிராணியை மோப்பம் பிடித்து, வளைக்குள்ளேயே புகுந்து மடக்க உருவாக்கிய நாய் இது. கால் குட்டையானது வளைக்காக. ஜெர்மானியர்கள் இந்த நாயின் அளவை எடையால் பிரிக்காமல் நெஞ்சுச் சுற்றளவால் பிரிக்கிறார்கள் என்றால் பாருங்கள், எந்த வளைக்குள் போகும் என்பதுதான் கணக்கு. மேலே மண்வெட்டியோடு நிற்கும் வேட்டைக்காரனுக்கு எங்கே தோண்டுவது என்று எப்படித் தெரியும்? நாய் கத்த வேண்டும், விடாமல், மண்ணைத் தாண்டிக் கேட்கும்படி. வாய் மூடிய டாஷால் பயன் இல்லை. குரல் உள்ளதையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனம் சேர்த்தார்கள்.

நம் பக்கத்து வேட்டை நாய்களோடு வைத்துப் பாருங்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் வெட்டவெளியில் முயலைக் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கப் பழகியவை. கத்தினால் மூச்சுத்தான் வீண். அதனால் அவை சத்தமில்லாத நாய்கள். அங்கே கால், இங்கே தொண்டை. டாஷை வாங்கிவிட்டுச் 'சத்தம் போடாதே' என்பது, தவில்காரரைக் கல்யாணத்துக்கு அழைத்துவிட்டு மெதுவாகத் தட்டச் சொல்வது போல.

சைரனுக்கு வரும் ஊளையை அப்படியே விட்டுவிடலாம். வண்டி போனதும் நின்றுவிடும். தனிமைக்கு வரும் ஊளை வேறு. ஆஸ்திரியாவில் ஓநாய்களை வைத்து நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், கூட்டத்திலிருந்து ஒன்றை வெளியே கூட்டிப்போனபோது மற்றவை ஊளையிட்டன. போனது தனக்கு நெருக்கமானதாகவோ கூட்டத்தின் தலையாகவோ இருந்தால் கூடுதலாக. அதே சமயம் மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் அளவோடு அந்த ஊளை ஒத்துப்போகவில்லை. துக்கத்தில் அழுவதைவிட, 'எங்கே இருக்கிறாய்' என்று தேடுவதாகத்தான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். டாஷ் வீட்டில் யாராவது ஒருவரோடு ஒட்டிக்கொள்ளும் நாய். கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டுக் கதவைப் பூட்டினால் அது நாள் முழுக்கத் தேடும். அடித்துப் பயனில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று தனியே இருக்கப் பழக்குங்கள். கிளம்பும்போது கொஞ்சல் வேண்டாம், திரும்பும்போதும் வேண்டாம். வெளியே போகும்போது ஒரு பழைய செல்போனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டுப் போனால், ஊளைக்கு முன்னால் என்ன சத்தம் வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று தெரிந்துவிடும். நாங்கள் அப்படிச் செய்துதான் எதிர்வீட்டுக் குக்கரின் விசிலும் சுண்டுவுக்கு ஒரு கூட்டாளி என்று கண்டுபிடித்தோம்.

எந்தச் சத்தமும் இல்லாமல், ஆளும் பக்கத்திலேயே இருக்கும்போது வருகிற ஊளைக்குத்தான் பயப்பட வேண்டும். வயதான நாய் காது மந்தமாகியோ மூளை தளர்ந்தோ நடுராத்திரியில் கத்தலாம். டாஷுக்கு அதைவிடப் பெரிய கேடு முதுகில் இருக்கிறது. காலைக் குட்டையாக்கிய மரபணு மாற்றத்தின் இன்னொரு நகல் முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தென்ற வட்டுகளைச் சின்ன வயதிலேயே இறுக வைக்கிறது. வட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தினால் வலி தாங்காது. இந்த இனத்தில் ஏறத்தாழ ஐந்துக்கு ஒன்று வாழ்நாளில் இதைச் சந்திக்கிறது.

முதுகைக் கூனிக்கொண்டு நிற்பது, படி ஏற மறுப்பது, தொட்டால் வீறிடுவது, பின்னங்கால் பின்னுவது, இதில் ஒன்று ஊளையோடு சேர்ந்து தெரிந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். கால் இழுத்துவிட்டால் மணிக்கணக்குகூட முக்கியம். ஒரு கையை நெஞ்சுக்கு அடியிலும் இன்னொரு கையைப் பின்தொடைக்கு அடியிலும் கொடுத்து, முதுகு வளையாமல் தூக்கிக்கொண்டு அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.