பழைய கணினியின் நினைவுப் பிழை
2003ஆம் ஆண்டு மே 18 அன்று பெல்ஜியத்தின் ஸ்கார்பேக்கில் நடந்த மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்குகள் கூடுதலாகப் பதிவாயின. பெறக்கூடிய எண்ணிக்கையையே அது மீறியதால்தான் ஐயம் எழுந்தது. 4,096 என்பது 2இன் 12ஆம் அடுக்கு. நினைவகத்தில் ஒரேயொரு பிட் புரண்டிருக்க வேண்டும் என்று வல்லுநர்கள் கருதினர். கூட்டல் பிழைகளிடையே காலங்கழிக்கும் எங்களுக்கே இது வியப்பளித்தது.

வட்டவடையில் பூண்டு, உருளைக்கிழங்கு வரவு செலவைப் பழைய வீட்டுக் கணினியில் எழுதிவைக்கும் வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் கூறுவது இது. அடிக்கடி நீலத்திரை தோன்றினாலோ, சேமித்த கோப்பு திறக்க மறுத்தாலோ உடனே வைரஸ் என முடிவுகட்ட வேண்டாம். முதலில் கோப்புகளைப் பென் டிரைவில் நகலெடுங்கள். முந்தைய நல்ல நகலின்மேல் அதைப் பதிக்காதீர்கள். பிறகு, விண்டோஸிலுள்ள நினைவகச் சோதனையையோ மெம்டெஸ்ட்86 மென்பொருளையோ இரவு முழுவதும் ஓடவிடுங்கள். பிழை காட்டினால், மின்னிணைப்பை அறவே நீக்கி, ராம் பலகைகளைக் கழற்றி, ஒவ்வொன்றாகப் பொருத்திச் சோதியுங்கள். எல்லாப் பலகைகளிலும் பிழை வந்தால் பழுது பெரும்பாலும் மதர்போர்டிலோ மின்வழங்கியிலோ இருக்கும். அதுவரை கணினி காட்டும் கடன் நிலுவையைப் பாஸ்புக்குடன் ஒப்பிட்டே நம்புங்கள். புதிய ராம் வாங்குமுன் பழையது டிடிஆர்2வா, டிடிஆர்3யா என்று பாருங்கள். ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது.