கட்டுப் பிரித்த பிறகு

கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு மலை உச்சியில் கொப்பரை சுடர்விட்டதும் திருவண்ணாமலையில் வாசல்தோறும் அகல் ஏற்றுவார்கள். தீக்காயம் பட்டுப் பிழைத்தவர் இருக்கும் வீட்டில் அந்த நேரம் கடினமானது. தீக்குச்சி உரசும் சத்தமே சிலருக்கு உடம்பை உதற வைக்கும். நெய் வாசனைக்கே விபத்து நடந்த நாள் கண்முன் வந்து நிற்கும். பலவீனம் என்று இதைச் சொல்லக் கூடாது. பேரதிர்ச்சிக்குப் பின் மனம் இப்படித்தான் நடந்துகொள்ளும். இதற்குச் சிகிச்சை உண்டு.

இந்தியாவில் ஆண்டுதோறும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மிதமான அல்லது கடுமையான தீக்காயம் அடைவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. டிஸ்சார்ஜ் ஆனதும் எல்லாம் முடிந்தது என்று உறவினர்கள் நினைக்கிறார்கள். நீண்ட வேலை அன்றுதான் தொடங்குகிறது. ஆழமான காயம் ஆறிய தோல் தடிக்கும், இறுகும், இரவெல்லாம் அரிக்கும். கழுத்து, அக்குள், விரல் இடுக்கு ஆகிய இடங்களில் தழும்பு இழுத்துப் பிடித்தால் கையைத் தூக்கித் தலை வாரவும் முடியாது. தினமும் பயிற்சி வேண்டும். தழும்பை அமுக்கி வைக்கும் இறுக்கமான உடையை நாளுக்குச் சுமார் 23 மணி நேரம், பலருக்கு ஓராண்டு வரையோ அதற்கு மேலோ அணிய வேண்டியிருக்கும். அந்தத் தோலில் வியர்வை சரியாக வராது. சித்திரை வெயிலில் அந்த உடைக்குள் இருப்பது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதை மாட்டிவிடுவது பெரும்பாலும் அம்மாதான். குளித்ததும் தேங்காய் எண்ணெய் தடவி, கட்டை விரலால் வட்டமாக அழுத்தித் தேய்த்து, கையுறையை ஒவ்வொரு விரலாக ஏற்றுவார். பிள்ளை கத்தும், அவர் நிறுத்த முடியாது. 'அன்னைக்கு நான் அடுப்பை அணைச்சிட்டுப் போயிருந்தா' என்ற நினைப்பும் கூடவே ஓடும். வந்து பார்ப்பவர்களோ, 'இனி இவளை யார் கட்டிக்குவா?' என்று கேட்டுவிட்டுப் போவார்கள். சீழ் பிடிக்கும் என்று முட்டையையும் பாலையும் நிறுத்தச் சொல்பவர்களும் உண்டு. அந்தப் பத்தியம் கெடுதல். புதுத் தோல் வளர வழக்கத்தைவிடக் கூடுதல் புரதம் தேவை.

சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு மாநிலம் அறிந்தது. அங்கு வரும் பெண்களுடன் பி.சி.வி.சி. என்ற தொண்டு நிறுவனம் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறது. அதன் 'விடியல்' மையம் மனநல ஆலோசனை, உடற்பயிற்சிச் சிகிச்சை எல்லாம் தந்து, மீண்டவர்களை ஒருவருக்கொருவர் துணையாக்குகிறது. அதே தழும்போடு வேலைக்குப் போய்வரும் இன்னொரு பெண் எதிரே உட்கார்ந்து பேசும்போது வரும் தைரியம் வேறு. இந்த உதவிக்காகத் திருவண்ணாமலைக்காரர்கள் ஏறத்தாழ 190 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கக் கூடாது. மாவட்ட மருத்துவமனைகளின் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே மனநல ஆலோசனைக்கான தேதியும் எழுதப்பட வேண்டும், நோயாளிக்கும் பார்த்துக்கொள்பவருக்கும் சேர்த்து. பெண்ணாக இருந்தால் அவரிடம் ஒரு முறையாவது தனியாகப் பேச வேண்டும். 'ஸ்டவ் வெடிச்சிடுச்சு' என்று சொல்பவருக்குப் பக்கத்தில் நிற்பது யார் என்பது முக்கியம். வீட்டில் வன்முறை இருந்தால் 181 என்ற எண்ணை அழைக்கலாம். மனநல உதவிக்கு 14416 என்ற இலவச எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

நெருப்புப் பயத்தை அதட்டிப் போக்க முடியாது. முதலில் தூரத்தில் எரியும் விளக்கைப் பார்ப்பது, சில நாள் கழித்து அதே அறையில் உட்காருவது என்று ஆலோசகர் துணையோடு மெல்லத்தான் நகர வேண்டும். அடுத்த தீபத்துக்கு விளக்கேற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். விருப்பம் இருந்தால் பஞ்சைக் கொடுத்துத் திரி திரிக்கச் சொல்லுங்கள். இறுகிய விரல்களுக்கு அது பயிற்சியும் ஆகும்.